நிழல் வளவில் நந்தியாவட்டை

(தீவகக் கமக்காரர்க்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லையும் மரக்கறியையும் பற்றிப் பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகின்றோம். இன்று ஒரு பூஞ்செடியைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். "வயலும் தோட்டமும் இருக்கப் பூஞ்செடிக்கு என்ன அவசரம்?" என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். அவசரம் பூவில் இல்லை; நீரில் இருக்கின்றது.

தீவகத்திற் பூ வேண்டாத வீடு அரிது. சுவாமி படத்துக்குப் பூ வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பூ வேண்டும். கோயிலுக்குக் கொண்டு செல்லவும் பூ வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் பெருந்திருவிழா ஆனி மாதத்தில் நடைபெறுகின்றது. மழை ஓய்ந்து பல மாதங்கள் கழிந்து, கிணறுகள் தாழ்ந்து நிற்கும் காலம் அது. அக்காலத்திற் பூவைப் பெறுவதற்காக முற்றத்து வெயிலில் நிற்கும் செடிகளுக்கு நாள்தோறும் நீர் இறைக்கின்றோம். அதே நாட்களிலேதான் மிளகாய்க்கும் கத்தரிக்கும் நீர் போதாமற் போகின்றது. குடிக்கும் நீரும் சவர்க்கத் தொடங்குகின்றது.

சிறிது கணக்குப் பார்ப்போம். வெயிலில் நிற்கும் நான்கு செடிகளுக்கு நாளொன்றுக்கு வாளி ஒன்று வீதம் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாளி 10 இலீற்றர் எனின், நாளொன்றுக்கு 40 இலீற்றர் ஆகும். வைகாசி முதல் புரட்டாதி வரையுள்ள 150 நாட்களுக்கு 6,000 இலீற்றர் ஆகும். ஒரு மிளகாய்க் கன்றுக்கு ஒருமுறை 2 இலீற்றர் ஊற்றுவோமானால், அந்நீர் 3,000 கன்றுகளுக்கு ஒருமுறை பாய்ச்சப் போதுமானது. பூவை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. பூவை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றுங்கள். கிணற்று நீரிலிருந்து கழிவு நீருக்கு மாற்றுங்கள் என்றே கூறுகின்றேன். அதற்கேற்ற செடி எது, அதனை எவ்வாறு நடுவது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

மலைநாட்டுச் செடி இங்கு வளருமா?

நுவரெலியாப் பக்கம் சென்று வந்தோர், அங்குள்ள பூங்காக்களிலே குளிருக்கு வாடாது, மரநிழலில் என்றும் பச்சையாய் நின்று பூக்கும் செடிகளைக் கண்டு, "இவற்றுள் ஒன்றை நமது வளவிலும் வைத்தாலென்ன?" என்று கேட்பதுண்டு. கமேலியா அத்தகைய செடிகளுள் ஒன்று. சீனா, கொரியா, யப்பான் ஆகிய நாடுகள் அதன் தாயகம். அதன் இலைகள் தடித்து மினுங்குவன. பனி உறையும் குளிரையும் அது தாங்கும். பெருமரங்களின் சிதறிய நிழலே அதற்கு உகந்தது. பிற செடிகள் ஒடுங்கிக் கிடக்கும் குளிர்காலத்தில் அது பூக்கும். நாம் காலையிலும் மாலையிலும் அருந்தும் தேயிலையும் கமேலியா இனத்தைச் சேர்ந்ததே. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் தெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பெருமளவிற் பயிரிட்டதிலிருந்து, நமது நாட்டு மலைச்சாரல்களில் அது பரவியது.

ஆயினும் அச்செடி தீவகத்தில் வாழாது. இதற்குரிய காரணங்களை அறிந்துகொண்டால், வேறு எச்செடியை வாங்க எண்ணும்போதும் அவ்வறிவு உங்களுக்கு உதவும்.

முதலாவது காரணம் வெப்பம். கமேலியாவின் மொட்டு நன்கு விரிவதற்குக் குளிர்ந்த காலம் ஒன்று வேண்டும். நமது மார்கழி வாடை நமக்குக் குளிராகத் தோன்றினும் அச்செடிக்கு அது குளிரன்று.

இரண்டாவது காரணம் மண். தேயிலையும் கமேலியாவும் அமிலத் தன்மையுள்ள மண்ணையே விரும்புவன. தேயிலைக்கு மண்ணின் பீ. எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருத்தல் நன்று. நமது தீவுகளோ சுண்ணாம்புக் கல்லின் மேலும் முருகைக் கல்லின் மேலும் அமைந்தவை. இம்மண்ணின் பீ. எச். அளவு பெரும்பாலும் 7க்கு மேற்பட்டது. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரினால் அதனை எடுத்துக்கொள்ள இயலாது. பெட்டகத்தில் நெல் இருந்தும் பூட்டுத் திறவாவிடின் வீட்டார் பசித்திருப்பது போன்றது இது. இதனால் இளந்தளிர் மஞ்சளித்து, நரம்பு மாத்திரம் பச்சையாகத் தோன்றும். வெட்சிச் செடி நமது வளவுகளில் அடிக்கடி மஞ்சளித்து நிற்பதும் பெரும்பாலும் இக்காரணத்தாலேயே.

மூன்றாவது காரணம் காற்றும் நீரும். வைகாசி தொடக்கம் வீசும் சோளகக் காற்று கடலின் உப்பைச் சுமந்து வருகின்றது. கிணற்று நீரிலும் உப்புக் கலந்துள்ளது. மலைநாட்டு மழையில் வளர்ந்த செடிக்கு இவ்விரண்டும் நஞ்சாகும்.

ஆகவே, ஒரு செடியை வாங்குமுன் "இது குளிரைத் தாங்குமா?" என்று கேட்பதனாற் பயனில்லை. "சுண்ணாம்பு மண்ணைத் தாங்குமா? மழையற்ற எட்டு மாதங்களைத் தாங்குமா? நிழலிற் பூக்குமா?" என்று கேட்டல் வேண்டும். இம்மூன்று கேள்விகளுக்கும் ஓரளவு நல்ல விடை தரும் செடி, நமது முன்னோர் கோயில் நந்தவனங்களில் வைத்து வளர்த்த நந்தியாவட்டையே.

நந்தியாவட்டையின் இயல்பு

நந்தியாவட்டை என்றும் பசுமையான ஒரு குறுமரம். ஐந்து முதல் எட்டடி வரை வளரும். வெட்டி வளர்த்தால் நாலடியிலும் நிறுத்தலாம். அலரி, நித்தியகல்யாணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகையால் இலையையோ கிளையையோ ஒடித்தாற் பால் வடியும். ஒற்றை நந்தியாவட்டை ஐந்து இதழ்களுடன் காற்றாடி போன்றிருக்கும். அடுக்கு நந்தியாவட்டை பல இதழ்கள் செறிந்து உருண்டு தோன்றும். இரண்டினதும் வளர்ப்பு முறை ஒன்றே. வெப்பமான மாதங்களிற் பூ மிகுதி. ஏனைய மாதங்களிலும் முற்றாக ஓய்வதில்லை.

இதன் குறையையும் சொல்லிவிடுதல் முறையாகும். கடற்கரையோரத்திலே, உப்புக் காற்று நேரே மோதும் இடத்தில் நந்தியாவட்டை செழிக்காது. இலையோரம் கருகும், மொட்டு உதிரும். காற்றைத் தடுக்கும் மரமும் வேலியும் சூழ்ந்த வளவினுள்ளேதான் இது நன்கு வளரும். அதனாலேயே இதனை நிழல் வளவுக்குரிய செடி என்கின்றேன்.

நிழல் ஒரு செல்வம்

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது பழமொழி. மனிதருக்கு மாத்திரமன்றி மண்ணுக்கும் இது பொருந்தும். வெயில் நேரே படும் மண்ணிலிருந்து ஈரம் விரைந்து வெளியேறும். வேம்பு, பூவரசு, தென்னை, பனை ஆகியவற்றின் நிழலிலுள்ள மண் மெதுவாகவே உலரும். உதிரும் சருகு மண்ணை மூடி மக்கி உரமாகின்றது. மரத்தின் வேரும் ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மையே. ஆயினும் அடிமரத்தை ஒட்டி நடாது, சற்று விலகி நட்டால் அப்போட்டி குறையும்.

1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாகத் தீவகத்தின் பல ஊர்கள் வெறுமையாகின. பின்னர் மீண்டு வந்தோர் வேலியிழந்த வளவுகளையும், பற்றையும் மரமும் அடர்ந்து இருண்ட முற்றங்களையும் கண்டனர். துப்புரவு செய்யும்போது பற்றையோடு மரத்தையும் வெட்டி வளவை வெளியாக்கிவிடும் எண்ணம் இயல்பாகவே எழும். அவ்வாறு செய்தல் வேண்டா. பற்றையை அகற்றுங்கள், மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து ஒளி புக வழி செய்யுங்கள், மரத்தை விட்டுவையுங்கள். பனையைத் தறிப்பதற்கு அனுமதியும் வேண்டும். ஒரு பனையோ வேம்போ போனால், அந்த இடத்திற் சோளகம் நேரே உட்புகும். பத்து ஆண்டுகள் சென்றாலும் அந்நிழலை மீளப் பெறுதல் அரிது.

நெடுந்தீவு மக்கள் முருகைக் கல்லை அடுக்கி வேலி அமைத்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கற்களுக்கிடையே சிறு இடைவெளிகள் இருப்பதால் காற்றின் வேகம் அவ்வேலியில் உடைந்து தணிகின்றது. இடைவெளியற்ற மதிலோ காற்றை மேலே எழுப்பி, மறுபுறத்தில் சுழன்று விழச் செய்கின்றது. ஆகவே, செடிக்குக் காற்று மறைப்பு அமைப்போர் கல்வேலி, கிடுகு வேலி, அல்லது பூவரசும் கிளுவையும் கலந்த கதியால் வேலி அமைப்பது மதிலினும் நன்று.

இடத்தைத் தேர்தல்

எல்லா நிழலும் ஒன்றன்று. இருண்ட நிழலில் நந்தியாவட்டை இலையைத் தருமே அன்றிப் பூவைத் தராது. காலை வெயில் மூன்று நான்கு மணித்தியாலம் பட்டு, நண்பகலுக்குப் பின் நிழல் விழும் இடமே சிறந்தது. வீட்டின் கிழக்குப் புறமும், வேம்பின் கிழக்குச் சாரலும் பெரும்பாலும் இவ்வாறிருக்கும்.

நிழலின் அளவை அறிய எளிய வழியொன்று உண்டு. நண்பகலில் வெள்ளைத் துணியொன்றை நிலத்தில் விரித்து, அதற்கு ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். கையின் நிழல் கூரிய விளிம்புடன் விழுந்தால் அவ்விடம் வெயில். விளிம்பு மங்கித் தெரிந்தால் அது மிதமான நிழல். நந்தியாவட்டைக்கு அதுவே தகுந்தது. நிழல் சிறிதும் தெரியாவிடின் அது இருண்ட நிழல். அங்கு நடவேண்டா, அல்லது மேற்கிளைகளைச் சிறிது கழித்தபின் நடுங்கள்.

பனை, தென்னை ஆகியவற்றின் அடியிலிருந்து ஆறடியும், வேம்பு, பூவரசு ஆகியவற்றின் அடியிலிருந்து எட்டடியும் விலகி நடுக. செடிக்குச் செடி ஐந்து முதல் ஆறடி விடுக. மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளத்தில் ஒருபோதும் நடாதீர். வேர் அழுகிவிடும். சமையலறையின் கழிவு நீர் எளிதிற் சென்றடையும் இடமாயின் மிக நன்று.

தடி நட்டுக் கன்றாக்கல்

விதையை நாட வேண்டியதில்லை. தடி நட்டுக் கன்றாக்குவதே எளிது. அயலவர் வளவிலோ கோயில் நந்தவனத்திலோ நோயற்ற, நன்கு பூக்கும் தாய்ச்செடியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆவணி மாதத்தில், மிக இளசாகவும் மிக முற்றியதாகவும் இல்லாத, பென்சில் பருமனுள்ள கிளைகளை ஆறு முதல் ஒன்பது அங்குல நீளத்துக்கு வெட்டுக. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே அமைதல் வேண்டும். மேலிருக்கும் இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி விட்டு, ஏனையவற்றை அகற்றுக. வடியும் பாலை நீரிற் கழுவிவிடுக.

மணல், மேல்மண், நன்கு மக்கிய எரு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து, அடியில் துவாரமிட்ட பைகளிலோ பழைய தகரப் பேணிகளிலோ நிரப்புக. கடல் மணலைப் பயன்படுத்தல் ஆகாது. அதில் உப்பு உண்டு. இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையும்படி தடியை ஊன்றி, சுற்றி அழுத்தி, கிடுகு நிழலில் வைக்க. மண் ஈரமாயிருந்தாற் போதும், சேறாதல் கூடாது. நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர் விட்டுத் தளிர்க்கும். சில தடிகள் பட்டுப்போகும். ஆதலால் நான்கு செடி வேண்டுவோர் எட்டுத் தடியாவது ஊன்றுதல் நன்று.

ஆவணியில் ஏன் என்று கேட்பீர்கள். நமக்கு ஆண்டில் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்கின்றது. ஆவணியில் ஊன்றிய தடி ஐப்பசியில் வேருள்ள கன்றாகிவிடும். முதல் மழையுடன் அதனை நிலத்தில் நட்டால், மூன்று மாத மழையையும் பெற்று வேர் கீழிறங்கும். தையில் நடுவோமானால், வேர் இறங்குமுன் வறட்சி வந்துவிடும். பின்னர் கிணற்றை நாடாது அக்கன்றைக் காப்பாற்ற முடியாது. வானத்து மழையை நம்பிப் புரட்டாதியில் நெல் விதைக்கும் உங்களுக்கு, காலத்தே நடுவதன் பயனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

குழியும் நடுகையும்

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழியைப் புரட்டாதியிலேயே அகழ்ந்து வையுங்கள். கல் தட்டினால் அலவாங்கினால் உடைத்து எடுத்துவிடுங்கள். கல்லை உடையாது அதன்மேல் மண்ணை நிரப்பி நட்டால், வேர் கீழே செல்ல வழியின்றிக் கோடையிற் செடி பட்டுவிடும்.

குழியின் அடியில் நறுக்கிய பழைய பனையோலையை அரையடி உயரத்துக்கு இட்டு மிதித்து விடுக. தோட்டத்தில் ஓலை புதைக்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. அது மக்கும்வரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதன்மேல், மேல்மண் இரு பங்கும் மக்கிய மாட்டெரு ஒரு பங்கும் கலந்து நிரப்புக. சாதாழையை உரமாக இட விரும்புவோர், அதனை ஒரு மழைக்காலம் முழுவதும் வெளியிற் குவித்து வைத்து, உப்புக் கழுவப்பட்டபின் இடுக. அடுப்புச் சாம்பலை இக்குழியில் இடவேண்டா. சாம்பல் காரத்தன்மையுள்ளது, நமது மண்ணில் காரம் ஏற்கெனவே மிகுதி.

கன்றைப் பையில் இருந்த ஆழத்திலேயே நடுக. சுற்றிலும் இரண்டடி விட்டத்தில் சிறு பாத்தி கட்டி, பொச்சு மட்டையையோ சருகையோ மூன்று நாலங்குலத் தடிப்பில் பரப்புக. அடித்தண்டை மாத்திரம் மூடாது விடுக. ஆடு மாடு மிதியாதபடி முதலாண்டில் ஓலையால் அடைப்பு அமைத்தல் அவசியம்.

நீரைக் காத்தல்

இப்போது தலையாய பகுதிக்கு வருகின்றேன். நமது கிணற்று நீர் எங்கிருந்து வருகின்றது? ஆறு இல்லை, மலை ஊற்று இல்லை. மழைநீர் நிலத்துள் இறங்கி, கீழே பரவியுள்ள கடல்நீரின் மேல் மிதக்கின்றது. நன்னீர் கடல்நீரிலும் பாரங் குறைந்தது. 40 பங்கு கடல்நீரின் நிறை ஏறத்தாழ 41 பங்கு நன்னீரின் நிறைக்குச் சமம். இதனால், நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஓரடி மேலே நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபன் என்பவரும், அவருக்குப் பின் யேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இக்கணக்கைக் கண்டறிந்தனர்.

இக்கணக்கை மறுபுறமாகப் பாருங்கள். நாம் இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழக்கூடும். இயந்திரத்தால் ஒரே மூச்சில் இறைக்கும்போது கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்பு போல எழுகின்றது. ஒருமுறை சவர் ஏறிய கிணறு, ஒரு மழையில் மீளும் என்று சொல்ல முடியாது. நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளின் அருமையை அத்தீவு மக்கள் நன்கு அறிவர். நன்னீர்க் கிணறு ஒன்று ஓர் ஊரின் உயிர்.

எனவே, பூஞ்செடிக்கு நீர் தரும் முறை இதுவாக இருக்கட்டும். அரிசி களைந்த நீர், மரக்கறி கழுவிய நீர், பாத்திரம் அலசிய இறுதி நீர் ஆகியவற்றை ஒரு பானையிற் சேர்த்துச் செடிக்கு ஊற்றுங்கள். நாளொன்றுக்கு 10 இலீற்றர் சேருமானால், மூன்று நாளில் 30 இலீற்றர். நான்கு செடிகளுக்கு அது போதுமானது. உப்பிட்ட மீன் கழுவிய நீரையும், சலவைத்தூள் மிகுந்த நீரையும் ஊற்றாதீர்கள்.

முதலாண்டுக் கோடையில், செடியிலிருந்து ஓரடி தள்ளி, மெருகிடாத சுட்ட மண்முட்டி ஒன்றைக் கழுத்தளவு புதைத்து அதில் நீர் நிரப்புவது மிகச் சிறந்த முறை. நீர் முட்டியின் சுவர் வழியே மெதுவாகக் கசிந்து வேரை அடையும். மேல்மண் நனையாததால் ஆவியாகி வீணாவது குறையும். 5 இலீற்றர் முட்டியை மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை நிரப்பினாற் போதும். சீன தேசத்துக் கமக்காரர் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இம்முறையைக் கையாண்டனர். நுளம்பு பெருகாதபடி முட்டியின் வாயைச் சிரட்டையால் மூடிவிடுதல் வேண்டும். முட்டிக்குள் வடித்தெடுத்த நீரையே விடுக. கஞ்சிப்பசை சேர்ந்தால் கசிவு நின்றுவிடும். இரண்டாவது கோடையில் வேர் ஆழச் சென்றிருக்கும். அப்போது சமையலறைக் கழிவு நீரே போதியதாகும்.

கவ்வாத்தும் உரமும்

மழை ஓய்ந்தபின், தை இறுதியிலோ மாசியிலோ கிளைகளில் மூன்றிலொரு பங்கு நீளத்தை வெட்டிவிடுக. புதுத் தளிரிலேயே பூ வருவதால், மாசியில் வெட்டிய செடி சித்திரை தொடக்கம் நன்கு பூத்து ஆனித் திருவிழாவுக்கும் பூத் தரும். ஆனியில் வெட்டினால், வறட்சியில் தளிர்க்க முடியாது செடி இளைக்கும். உயரம் நாலைந்து அடியைத் தாண்டவிடாதீர். பெண்களும் முதியோரும் நின்றவாறே பூப்பறிக்க அதுவே வசதி.

ஐப்பசியில் ஒரு கூடை, தையில் ஒரு கூடை மக்கிய எரு இட்டாற் போதும். அதிக யூரியா இலையைப் பெருக்குமே அன்றிப் பூவைப் பெருக்காது.

இலை சொல்லும் செய்தி

செடி வாய் பேசாது, இலையாற் பேசும். அதன் மொழியைக் கற்றுக்கொண்டால் உங்கள் மரக்கறித் தோட்டத்துக்கும் பயன்படும்.

இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு பச்சையாயிருந்தால், அது இரும்புக் குறை. மண்ணிலிடும் இரும்பு உப்பைச் சுண்ணாம்பு விரைவிற் பூட்டிவிடும். ஆதலால் இரும்புச் சல்பேற்று 5 கிராமை ஒரு இலீற்றர் நீரிற் கரைத்து மாலை வேளையில் இலை மேல் தெளித்தலும், தொடர்ந்து எரு இடுதலும் நன்று. முதிர்ந்த கீழிலைகள் முழுதும் மஞ்சளித்தால், அது நைதரசன் குறை, எரு இடுக. இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகினால், அது உப்பின் அறிகுறி. காற்றிலிருந்து வந்த உப்பாயின் கடற்பக்கத்து இலைகளே முதலிற் கருகும். எல்லாப் பக்கமும் ஒருங்கே கருகினால் ஊற்றும் நீரை ஐயுறுக.

அவ்வாறு ஐயம் எழுந்தால், பூஞ்செடியோடு நின்றுவிடாது கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குக் குறைவாயின் பெரும்பாலும் எப்பயிருக்கும் ஊற்றலாம். 3 டெசிசீமனைத் தாண்டினால் பெரும்பாலான மரக்கறிகளுக்குத் தீங்காகும். போஞ்சி, கரட், வெங்காயம் ஆகியன உப்பை மிகக் குறைவாகவே தாங்குவன. மிளகாய் சற்றுத் தாங்கும். தக்காளி அதனினும் தாங்கும். பீற்றூட் இன்னும் தாங்கும். நீரின் தன்மையறிந்து பயிரைத் தேர்ந்தால் நட்டம் குறையும்.

பூச்சிகள்

நந்தியாவட்டையை இருவகைப் பூச்சிகள் தாக்குவதுண்டு. ஒன்று, விரலளவு பருத்த பச்சைப் புழு. தலைக்கருகே நீலக் கண் போன்ற இரு புள்ளிகள் இருக்கும். ஓரிரவில் ஒரு கிளையின் இலை முழுவதையும் தின்றுவிடும். நிலத்திற் கரிய எச்சம் கிடந்தால், அதற்கு நேர்மேலே தேடிப் பாருங்கள். புழு அங்கேயே இருக்கும். நாலைந்து செடிக்கு நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை, கையால் அகற்றிவிடுங்கள்.

மற்றொன்று, செதிற்பூச்சியும் வெண்மூட்டுப் பூச்சியும். இவை சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிப்பதால் எறும்பு ஏறும். இலை மேல் கரிபோன்ற பூஞ்சணம் படரும். ஆடி, ஆவணியில் உதிரும் வேப்பங்கொட்டையைச் சேர்த்து உலர்த்தி வையுங்கள். பருப்பை இடித்த தூள் 50 கிராமை ஒரு இலீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து இலையின் அடிப்புறத்திலும் படும்படி மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை தெளித்தாற் பெரும்பாலும் குணமாகும்.

எச்சரிக்கை

நந்தியாவட்டையின் பால் தோலிலும் கண்ணிலும் எரிவை உண்டாக்கும். கிளை வெட்டியபின் கையைக் கழுவாது கண்ணைத் தொடாதீர். கண்ணோய்க்கு இதனைப் பயன்படுத்தும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு வைத்தியரை நாடுங்கள். வெட்டிய கிளைகளைத் தொழுவத்தருகே போடாதீர். வேலியோரத்துக்கு அலரியை நாடுவோர், அதன் எல்லாப் பகுதியும் கொடிய நஞ்சு என்பதை மறவாதிருத்தல் வேண்டும். சிறுபிள்ளைகளும் கால்நடைகளும் உள்ள வளவுக்குப் பூவரசு வேலியே மேலானது.

பெருமக்களே,

கூறியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன். ஆவணியில் தடி ஊன்றுக. புரட்டாதியிற் குழி அகழ்க. ஐப்பசி முதல் மழையுடன் நடுக. தையில் எரு இட்டுச் சருகு மூடுக. இரண்டாமாண்டு தொடக்கம் மாசியிற் கவ்வாத்துச் செய்க. கோடையிற் கழிவு நீரை ஊற்றுக. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவை வேண்டுவதன்று. வேண்டுவது காலத்தே செய்தலும், நிழல் மரத்தைத் தறியாது காத்தலும் மாத்திரமே.

முற்றத்துச் செடிக்காக இறைக்கும் நீர் ஊரின் பொது நீர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். கிணறு உங்கள் எல்லைக்குள் இருக்கலாம். அதன் கீழுள்ள நன்னீருக்கு எல்லையில்லை. நீங்கள் மிச்சம் பிடிக்கும் வாளி நீர் அயலவர் கிணற்றையும் சவராகாது காக்கின்றது; அயலவர் மிச்சம் பிடிப்பது உங்கள் பிள்ளைகளின் குடிநீரைக் காக்கின்றது. இவ்வாண்டு ஆவணியில் ஒவ்வொரு வீட்டாரும் எட்டுத் தடியாவது ஊன்றுங்கள். மிஞ்சும் கன்றை அயல் வீட்டுக்குக் கொடுங்கள். தடி ஊன்றுவதிலோ நீர்ப் பரிசோதனையிலோ ஐயம் எழுந்தால், உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள். உதவுவது எமது கடமை.